முனிர்கா மாடியில் மாசிலாமணி

தலைவர் பட்டாபி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் கோயில் கமிட்டியாரே, எதிரே அமர்ந்திருக்கும் தில்லித் தமிழ்ச் சொந்தங்களே, கணவர் மாசிலாமணியை இழந்து முன்வரிசையில் இருக்கும் அம்சவேணி அம்மா, அனைவருக்கும் வணக்கம்.

நான் சேஷு. அண்ணன் மாசிலாமணியோடு ஒரே அலுவலகத்தில், பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவன்.

இதுவரை பேசியவர்கள் அவரை 'சமய நல்லிணக்கச் செம்மல்' என்றார்கள். அடடா! என்ன பட்டம்! எவ்வளவு பெரிய மாலை! உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் அவரை என்னவென்று சொல்லின? மறந்துவிட்டீர்களா? எனக்கு மறக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். முனிர்காவில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, தமிழ்க் கிறிஸ்தவ நர்ஸுகளும் மாணவர்களும் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்தினார்கள். ஒரு வாரம் சில வீரர்கள் வந்து கதவை உடைத்து, ஆர்மோனியத்தைத் தெருவில் வீசினார்கள். பாட்டுப் பாடும் பெண்களை விரட்டிய மகா வீரர்கள்!

அண்ணனின் பக்கத்து வீட்டு நர்ஸ் ஜலஜா சொன்னாள்: "அடுத்த வாரம் யாரும் வரமாட்டாங்க அண்ணே. பயப்படுறாங்க."

"நான் வரேம்மா" என்றார். அப்போது அவர் நம் முருகன் கோயிலின் செயலாளர்.

நெற்றி நிறைய விபூதியோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கூடவே நானும். எப்போது எழுவது, எப்போது உட்காருவது, இரண்டு பேருக்கும் தெரியாது. ஜலஜா எழுந்தால் எழுந்தோம். பாட்டுப் புத்தகத்தை அண்ணன் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள்தான் திருப்பிக் கொடுத்தாள்.

பாதி ஜெபத்தில் அவர்கள் மறுபடி வந்தார்கள், கையில் கம்போடு. அண்ணன் எழுந்து போய்ப் படியில் நின்றார்.

"பையா, பூஜா சல் ரஹா ஹை. ஷோர் மத் கரோ."

பூஜை நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்றார். அவருடைய இந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனால் பயமும் கிடையாது! நெற்றியைப் பார்த்துவிட்டு ஒருவன், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கத்தினான். "கும்பிட வந்தேன்" என்றார். பிடித்துத் தள்ளினார்கள். உருண்டு விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. விழுந்தவரைப் பார்த்துத் தெருவே கூடிவிட, வீரர்கள் ஓடிவிட்டார்கள். உள்ளே பாட்டு நிற்கவில்லை.

கையில் மாவுக்கட்டோடு வந்தவரை நம் கமிட்டி எப்படி வரவேற்றது? தலைவர் அவர்களே, நீங்கள் கேட்டதைச் சொல்லட்டுமா?

"பட்டை போட்டுண்டு அங்க போய் உக்காரலாமா ஓய்? கோயில் மானம் என்ன ஆறது? பிராயச்சித்தம் பண்ணும்."

"எதுக்கு சார் பிராயச்சித்தம்? கும்பிட்டதுக்கா?" என்று கேட்டார் அண்ணன்.

பதிலுக்குக் கமிட்டியின் கைகள் உயர்ந்தன, செயலாளர் பதவியிலிருந்து அவரை நீக்குவதற்கு! தள்ளியவனை ஒரு வார்த்தை கண்டித்தீர்களா? விழுந்தவரைத் தண்டித்தீர்கள். அவன் கையிலாவது கம்பு இருந்தது, வந்த காரியம் வெளியே தெரிந்தது. உங்கள் கையில் விபூதித் தட்டு. பிறகு கிருத்திகைதோறும் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாரே, ஒரு நாளாவது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?

இப்போது கோயில் ஹாலுக்கு அவர் பெயராம், பலகையும் மாட்டியாகிவிட்டது! பேப்பரில் படம் வருமாம்! அம்சவேணி அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அவர் பேரு வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தப் பேரை அவங்க அன்னிக்கே அழிச்சுட்டாங்க."

கேட்டுக்கொண்டீர்களா? பலகையைக் கழற்றுங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லாரும் சூளுரைத்தீர்கள். எந்தப் பணியை? வரும் ஞாயிறு முனிர்கா மாடியில் அண்ணனுக்காக ஜெபம் வைத்திருக்கிறார்கள். அம்மா வருகிறார்கள். நான் போகிறேன். கமிட்டியார் யாரும் வர வேண்டாம். அங்கே மேடை கிடையாது, எல்லாரும் பாயில்தான் உட்கார வேண்டும்.