துணி போர்த்திய இறக்கை

உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர், "ரெக்கையைக் கிழிச்சுத்தான் காட்டணுமாம் மாப்ள" என்றார். எந்தப் பறவைக்கு இந்தக் கதி என்று காதைக் கொடுத்தேன்.

பக்கத்தில் இருந்த இளையவர் துள்ளினார். "மெட்ராஸ் ஆபீசருக்குக் கிறுக்கா மச்சான்? நம்ம கையால, நம்ம ஷெட்டுல செஞ்ச ஏரோப்ளேன். அவரு எதுக்குக் கிழிக்கச் சொல்றாரு?"

"உள்ள இருக்கற மரச்சட்டத்தை அவரு பாத்த பெறகுதான் துணி போத்தணுமாம். அதுதான் ரூலாம். பாக்காம, பறக்கலாம்னு கையெழுத்துப் போட மாட்டாராம்."

"அதை மொதல்லயே சொல்லலாம்ல?"

"சொன்னாரு. நீதான் இன்னைக்கு முகூர்த்தம், இன்னைக்கே துணி போத்திரணும், விட்டா ஆடி பொறந்துரும்னு குதிச்ச."

"நல்ல காரியத்தை நல்ல நாள்லதான செய்யணும்? அக்கா அம்புட்டுத் துணியையும் ஒக்காந்து தச்சிருக்கு. ஓரமா சின்னதா ஒரு ஓட்டை போட்டுக் காட்டிருவோம்."

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அன்னைக்கு நேரம் முடியப் போகுதுன்னு பரபரன்னு செஞ்சோம்ல. கடைசிச் சட்டத்துக்குப் பசை தடவுனது நீயா, நானா?"

"நீங்கதான மச்சான்."

"நீயின்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஏறிப் பறக்கப் போறது நான்டா."

எழுமலையில் இறங்கும்போது இளையவர் மெதுவாகச் சொன்னார்.

"அக்காகிட்ட கத்தரிக்கோல் கேக்காதீங்க மச்சான். எங்க வீட்டுல இருந்து நான் எடுத்துட்டு வாரேன்."