எட்டு வயரையும் கழற்றிப் பார்த்தவருக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஆலையின் சூட்டை அளந்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் கருவிப் பிரிவு ஃபோர்மேன் அண்ணனுக்கு, கட்டுப்பாட்டு அறையினரும் கருவிப் பிரிவினரும் சேர்ந்து அளிக்கும் மடல்.

அண்ணே,

“எட்டும் வந்துடுச்சா பாரு” என்று என் கணவர் போனில் கேட்டார்.

“வந்துடுச்சு, வந்துடுச்சு. போதும், கிளம்புங்க. பஸ்ஸை விட்டா நடந்துதான் போகணும்” என்றேன்.

“இரு, மூணாவது வயர் மேல கொஞ்சம் லூசா இருக்கு. முடுக்கிட்டு வந்துடறேன். எனக்கும் சேத்து சீட் பிடிச்சு வை.”

பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாங்கள் பேசியது இது. பாராட்டு மடலை இப்படித் தொடங்கும் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னை எழுதச் சொன்னவர்கள், “மத்தவங்க எழுதினா ‘அயராத உழைப்பு, அணையாத விளக்கு’ன்னு போயிடும், நீங்க எழுதுங்கக்கா. ஆனா எல்லாரையும் அழ வெச்சுடாதீங்க” என்றார்கள். அழ வைக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் பயமுறுத்துவேன். உங்களைப் பாராட்ட வேண்டுமானால் பயத்தைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

வெப்பத்தை விழியால் அல்ல, விழிப்பால் அளந்தவரே!

இந்த அரங்கில் இருக்கும் உங்கள் வீட்டாருக்கும் எங்கள் வீட்டாருக்கும், நீங்கள் செய்த வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐந்து உலைகளில் ஒவ்வொன்றிலும் எண்ணெய் சூடாகிறது. அது குழாய்களுக்குள் ஓடி ஆலை முழுவதற்கும் சூட்டைக் கொண்டு போகிறது. ஒவ்வொரு உலையின் குழாயிலும் எட்டு இடங்களில் வெப்பத்தை உணரும் கம்பிகளைச் செருகியிருக்கிறோம். அவை அனுப்புவது ஒரு டார்ச் பல்பைக்கூட எரிய வைக்காத அளவு மின்சாரம். அதை வாங்கி எண்ணாக்கித் தருவது அந்த உலைக்கான மின்பெட்டியான பேனலுக்குள் இருக்கும் ஒரு மாட்யூல். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அது சொல்லும் எண்ணை நம்பித்தான் பர்னர் தீயைக் கூட்டுகிறது, குறைக்கிறது. அதை நம்பித்தான் நாங்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறோம்.

ஒரு வயர் அறுந்துபோனால் மாட்யூல் எந்த எண்ணைச் சொல்லும்? உண்மை அதற்குத் தெரியாது. ஏதாவது ஒரு பொய் சொல்லியாக வேண்டும். மிக அதிகம் என்று பொய் சொன்னால் உலை பயந்து தானே அணைந்துவிடும். மிகக் குறைவு என்று பொய் சொன்னால், எண்ணெய் ஆறிவிட்டது என்று நினைத்து உலை மேலும் மேலும் எரியும். எந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்பதை மாட்டுகிறவர்தான் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாகக் கணினியில் குறிக்க வேண்டும். குறித்தது சரிதானா என்று தெரிந்துகொள்ள, மாட்டி முடித்த பிறகு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

அன்று பழைய மாட்யூலை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியவர் என் கணவர். மின்சாரத்தை நிறுத்தினார். ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மின்சாரம் இல்லை என்று மீட்டர் வைத்து இரண்டு முறை பார்த்தார். வயர்களில் எண் சீட்டு ஒட்டினார். மணிக்கட்டில், உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்ட பிறகே மாட்யூலைத் தொட்டார். அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. பேனல் அவரை ஒன்றும் செய்யவில்லை. கழற்றிப் பார்ப்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். பஸ் கிளம்பப் பத்து நிமிடம்தான் இருந்தது.

எட்டு எண்களும் திரையில் வந்துவிட்டதால் உலையை எரியவிட்டோம். மூன்றாவது வயரை முடுக்க அவர் உலைக் குழாயருகே ஏணியில் ஏறினார். மூன்றாவதுதான் பர்னரை ஆட்டிவைக்கும் எண். அது சட்டென்று கீழே விழுந்ததை நான் பார்த்தேன். ‘கை வைத்திருக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டேன். வெளியாள் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் பதறியிருப்பார். எனக்கோ அங்கே நிற்பது யார், செய்வது என்ன என்று தெரியும். தெரிந்ததால்தான் சும்மா இருந்தேன். பழைய மாட்யூலாக இருந்திருந்தால் எண் மேலே பாய்ந்து உலை அணைந்திருக்கும். புதியது கீழே காட்டியது. பர்னர் முழுவதும் திறந்துகொண்டது. உலையை அவசரமாக நிறுத்த வேண்டிய காவல் கருவியும் அன்று அதே மாட்யூலிடம்தான் எண் வாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் ஏமாந்தது. மற்ற ஏழு எண்களும் மெல்ல மெல்ல ஏறியதை நான் கவனிக்கவில்லை. மூன்றாவது திரும்பி வரட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டினேன். நான்கு நிமிடம். அதன் பிறகு குழாயின் இணைப்பு விட்டுப்போன சத்தம் கேட்டது. அவர் உயிரோடு ஏணியிலிருந்து இறங்கவில்லை.

கையொப்பத்தின் கனம் அறிந்தவரே!

‘கழற்றிப் பார்த்தாயிற்று’ என்று வேலைச் சீட்டில் இருந்த கட்டத்தில், பார்க்காமலே டிக் போட்டது நீங்கள். விசாரணையில் உங்களுக்காக யாரோ சாக்குத் தேடியபோது, “டிக் நான் போட்டதுங்க. யாரும் சொல்லிப் போடலை. என் கைதான்” என்றீர்கள். அதோடு உங்கள் பதவி உயர்வு நின்றது. ஃபோர்மேனாகவே இருந்து ஃபோர்மேனாகவே இன்று போகிறீர்கள்.

இந்த மடலின் தொடக்கத்தில் நான் சொன்ன ‘போதும், கிளம்புங்க’ என்பது அந்த விசாரணை அறிக்கையில் கிடையாது. நான் சொல்லவில்லை. ‘எட்டு எண்களும் வந்ததைத் தெரிவித்தேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அன்று பேனல் அறைப் போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீங்கள் இரண்டடி தள்ளிப் பேனாவோடு நின்றிருந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டீர்கள். கேட்ட பிறகே டிக் போட்டீர்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. என்னிடமும் ஜாடையாகக்கூடச் சொல்லிக் காட்டவில்லை. இன்று நானே சொல்லிவிட்டேன். இந்த மடல் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும். அது அங்கே இருக்கட்டும் என்றுதான் இதில் எழுதினேன்.

கழற்றிக் காட்டாமல் கையெழுத்திடாதவரே!

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு மாதிரி ஆகிவிட்டீர்கள் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். அவசரக் காவலுக்குத் தனி வயரும் தனிப் பெட்டியும் போட வைக்க ஒன்றரை ஆண்டு அலைந்தீர்கள். எந்த மாட்யூலை மாட்டினாலும் எட்டு வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றீர்கள். ‘வந்துடுச்சு’ என்ற பதில் உங்களிடம் செல்லாது.

“என்ன வந்துடுச்சு? உங்க மாமியாரா வந்துட்டாங்க? நம்பரைச் சொல்லும்மா.”

உங்களுக்குக் ‘கழட்டிக்காட்டு’ என்று பெயர் வைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். கேன்டீனில் நீங்கள் நுழைந்தால், “அண்ணன் வர்றாரு, டிபன் டப்பா மூடியைக் கழட்டிக் காட்டுடா” என்பார்கள். நீங்களும் எட்டிப் பார்த்து, “உப்பு பத்தலை” என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்: “கேஸை மூடுவாரு, திறப்பாரு, மறுபடி மூடுவாரு. அதுக்குள்ள பக்கத்து வீட்டுல சாப்பிட்டே முடிச்சுடுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் மூன்றாவது வயருக்கு வரும்போது உங்கள் குரல் மாறுவது, போனின் இந்த முனையில் இருக்கும் எனக்குத்தான் தெரியும்.

“தங்கச்சி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேண்ணே.”

“மூணைப் பாக்காத. மத்த ஏழையும் பாரு.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“கழட்டறேன்.”

அந்த எண் மேலே பாய்ந்து சைரன் அலறும்வரை நாம் இருவரும் மூச்சு விடமாட்டோம். பதினொரு ஆண்டுகளில் எத்தனை முறை என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வியர்த்துப் போன் வழுக்கியது மட்டும் நினைவிருக்கிறது. பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. பழகாமல் இருந்ததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

அஞ்சத் தெரிந்த அண்ணலே!

இப்போது நான் வாசிக்கப்போவதை, மேடையில் அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் ஐயாவும் கேட்கிறார். தெரிந்துதான் வாசிக்கிறேன்.

போன வாரம் ஐந்து பேனல்களுக்கும் புது மாட்யூல்கள் வந்தன. முதல் பேனலில் நீங்கள் மாட்டி, கழற்றிப் பார்த்தீர்கள். ஆறு வயர் சரியாக இருந்தது. ஏழாவதைக் கழற்றியதும் எண் கீழே போனது. நான் அந்த எண்ணை இரண்டு முறை சொன்னேன். கணினியில் எட்டுக்கும் ஒன்றாகக் குறித்ததில் அது ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. திருத்தினீர்கள். மறுபடி எட்டையும் முதலிலிருந்து கழற்றினீர்கள்.

அன்று மாலை மேலாளர் ஐயா கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். “ஒண்ணுதானே தப்பு, அதையும் சரி பண்ணியாச்சு. மீதி நாலு பேனல், முப்பத்திரண்டு வயர். ஒவ்வொண்ணா கழட்டி மாட்டிக்கிட்டிருந்தா உலை எப்ப எரியறது?”

“மீதியிலயும் ஒண்ணு இருந்தா?” என்றீர்கள்.

“உங்களுக்கு முப்பத்தொண்ணாந்தேதியோட வேலை முடியுது. ஒண்ணாந்தேதி மாட்டறோம். கையெழுத்து நான் போட்டுக்கறேன். நீங்க நிம்மதியா போங்க.”

உங்களுக்கு இன்றோடு அதிகாரம் முடிகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். போகும்போது என் நாற்காலியின் முதுகை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனீர்கள். எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. நிற்கவில்லை.

நாளைதான் அந்த ஒன்றாந்தேதி. ஆகையால் இன்று சொல்கிறேன். மாட்யூலை யாரும் மாட்டலாம், தாளில் யாரும் கையெழுத்துப் போடலாம். ஆனால் உலையை எரியவிடும் பொத்தான் எங்கள் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பேனலிலும் எட்டு வயரும் ஒவ்வொன்றாகக் கழன்று, எட்டு எண்களையும் நாங்கள் வாய்விட்டுச் சொல்லி முடிக்கும்வரை, எந்த ஷிஃப்டில் யார் இருந்தாலும் அந்தப் பொத்தானை அழுத்த மாட்டோம். மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். ஐயா இதை எதிர்ப்பென்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்த முடிவை எழுதி எல்லோரிடமும் கொடுத்தபோது, எங்களில் ஒருத்தி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

“பயமா இருக்குக்கா. வேலை போயிட்டா?”

“எனக்கும்தான் பயமா இருக்கு. ரெண்டு பயத்துல எது சின்னதுன்னு பாரு. அதை எடுத்துக்க.”

அவள் கையெழுத்திட்டாள். அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது.

அண்ணே, இனி எந்தச் சைரனும் உங்களைக் கூப்பிடாது. போன் மணி அடித்தால் பதறாமல் எடுத்துப் பேசும் பகல்கள் உங்களுக்கு வாய்க்கட்டும். அண்ணியோடு, பேரப் பிள்ளைகளோடு, கண் தெளிவும் கால் வலுவும் குறையாமல், உழைத்த அந்தக் கைகள் ஓய்ந்து, நீண்டு நிறைந்து வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறோம். நீங்கள் எங்களுக்கு விட்டுச்செல்வது பயத்தை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு என்று இதன் கீழே கட்டுப்பாட்டு அறையினர் ஒன்பது பேரும் கருவிப் பிரிவினர் பதினொரு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். நாளைக் காலை ஆறு மணி ஷிஃப்ட் என்னுடையது. யாரோ ஒருவர் போனில் ‘எல்லாம் சரி’ என்பார். சரிதானா என்று எழுந்து எட்டிப் பார்க்க முடியாது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பேனல் அறை தெரியாது, சுவர்தான் தெரியும். அன்றும் அப்படித்தான் இருந்தது.