மூன்றாம் நாள் கேட்ட கேள்விக்கு நன்றி

குறைமாதத்தில் வந்தோர்க்குக் குறையாத அன்பே! கையளவு உயிர்களைக் கண்ணயராது காத்த கருணையே! பழவேற்காடு ஈந்த பண்பே! எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியர் ஷமீமா அவர்களே!

பணி ஓய்வு பெறும் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியாயிற்று, மிக்சர் தட்டும் சுற்றி வந்துவிட்டது. இரண்டு ஷிப்ட் பார்த்த கண்களோடு இம்மடலைப் படிக்கிறோம். சொற்கள் தள்ளாடினால் பொறுத்தருள்க!

1978இல் பொன்னேரியில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினீர்கள். முப்பத்தோராண்டுகளாக, ஏழாம் மாதமே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் புகட்டினீர்கள். இஞ்சு டேப்பால் அவர்தம் வயிற்றை அளந்து குறித்தீர்கள். எங்கள் சிடுசிடுப்பையும் சேர்த்துச் சகித்தீர்கள்.

நம் பிரிவில் ஒரு ரப்பர் முத்திரை இருந்ததை இங்குள்ளோர் அறிவர். 'ஆன்டிபயாடிக், ஏழு நாள்.' குறைமாதக் குழந்தை உள்ளே வந்ததும் கேஸ் ஷீட்டில் அதைக் குத்திவிடுவோம். கிருமித் தொற்றுக்கு அஞ்சியது நியாயமே. ஆனால் எழுதிச் சலித்த கைகளுக்கு அது வசதியாகவும் போயிற்று. மூன்றாம் நாள், இரத்தத்தில் கிருமி இல்லை என்று அறிக்கை வரும். "நிறுத்திடலாமா டாக்டர்?" என்பீர்கள். "இருக்கட்டும் சிஸ்டர், சேஃப்டிக்குத்தானே" என்போம். மறுநாளும் ஊசி தொடரும்.

2005இல் பூவம்மாளின் பெண் குழந்தை, ஆயிரத்து நூறு கிராம். மூன்றாம் நாள் அறிக்கை சுத்தம், நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் மறுத்தோம். ஒன்பதாம் நாள் வயிறு உப்பிற்று, குடல் அழுகத் தொடங்கிற்று. அறுவைக்காகச் சென்னைக்கு நீங்களே உடன் சென்றீர்கள். ஆம்புலன்ஸ் மீஞ்சூரைத் தாண்டுமுன் குழந்தையின் மூச்சு நின்றது. திரும்பி வந்து ஒன்றுதான் கேட்டீர்கள்: "ரிப்போர்ட்டு மூணாம் நாளே நல்லா வந்துச்சே டாக்டர், அப்புறம் இன்னாத்துக்குக் குத்திக்கினே இருந்தோம்?"

நாங்கள் அடுத்த கேஸ் ஷீட்டிலும் முத்திரையைக் குத்தினோம். நீங்களோ அன்று முதல் நோட்டுப் புத்தகம் போட்டு, எந்தக் குழந்தைக்கு எத்தனை நாள் மருந்து, எந்தக் குழந்தைக்கு வயிறு உப்பிற்று என்று எழுதி வந்தீர்கள்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழ் கைக்கு வந்தது. இரத்தம் சுத்தமாக இருந்தும் மருந்தை நீட்டிய குறைமாதக் குழந்தைகளிடையே குடல் நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன என்றது. மருந்தே காரணம் என்று அறுதியிடவில்லை. உங்கள் நோட்டும் அறுதியிடவில்லை. ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டின. அதை ஏற்க இதழ் ஒன்று கடல் கடந்து வரவேண்டியிருந்ததே! வெட்கப்படுகிறோம்.

ஏப்ரலில் பூவம்மாளின் அடுத்த பிள்ளையும் குறைமாதத்தில் வந்தான். மூன்றாம் நாள் அறிக்கை சுத்தம். நீங்கள் வாய் திறக்குமுன் மருந்தை நிறுத்தினோம். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தோம். இப்போது அவன் வீட்டில் ஊரைக் கூட்டி அழுகிறானாம்.

அம்மையீர்! இனியேனும் வயிறாரச் சூடாக உண்டு, விடியும்வரை உறங்கி, நோயற்று நூறாண்டு வாழ்க! நாளைக் காலை ரவுண்ட்ஸில் மூன்றாம் நாள் கேள்வியைச் செவிலியர் கிரேஸ் கேட்பார். கேட்காமல் எங்களை அடுத்த தொட்டிலுக்கு விடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

இம்மடலை எழுதியது, அந்த முத்திரையைச் செய்யச் சொன்ன நான்தான். அலுவலக முத்திரை எதுவும் இதில் வைக்கவில்லை. ஒவ்வொருவரும் கையால் பெயர் எழுதியிருக்கிறோம்.

மரு. ஜெயராஜ்,
பச்சிளங்குழந்தைப் பிரிவின் பணியாளர்கள்
கும்மிடிப்பூண்டி, 30.6.2009