மங்காத பின் லைட்

சைக்கிளுக்குப் பின் லைட் எடுக்க இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடைக்காரன் கையில் தருவதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி வருவார்கள். பளிச்சென்று எரிந்தால் நல்ல லைட். மினுங்கினால் அதைவிட நல்ல லைட். சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், முடியும்போது எப்படி முடியும் என்று யாரும் கேட்பதில்லை. சாய்ந்தமருதில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

உனக்கு நாலு மாதம். ஏணைத் தொட்டிலுக்குள் கிடந்து கையைச் சப்பிக்கொண்டிருக்கிறாய். சொன்னால் உனக்கு விளங்காது. விளங்கினாலும் போய்ச் சொல்ல வாயில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். உன் வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம் ஆகிறது. உன் உம்மா, என் கூடப்பிறந்த ராத்தா, இத்தா இருக்கிறார், துக்க காலம் முடியும்வரை உள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இரவில் உன்னை ஆட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினாறு வயதுப் பொடியனுக்கு எவ்வளவு பொறுப்பு என்று வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இப்போது இருட்டில் தனியாகப் படுக்க முடிவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னதான் தெரியும்.

கரண்ட் போய்விட்டது. ஏணைக் கயிற்றில் சிவப்பாக ஒன்றைக் கொழுவியிருக்கிறேன் அல்லவா, அதுதான் அந்த லைட்.

உன் வாப்பா அபுல் ஹஸன் எனக்கு மச்சான். கல்முனை பஸாரில் ஒரு சாரிக் கடையில் நின்றார். பெண்களுக்குச் சாரியை விரித்துக் காட்டி, தன் தோளிலேயே போட்டுக் காட்டி, சிரித்துச் சிரித்து விற்பார். யுத்தம் முடிந்த இரண்டாம் மாதம் உன் உம்மாவைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. கடற்கரையில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இந்த வீட்டை உன் உம்மாவின் பெயருக்கு எழுதித்தான் அவரைக் கூட்டி வந்தோம். நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும்தான் பிடிக்கவில்லை. சோற்றுக்கும் சிரிப்பு, கறிக்கும் சிரிப்பு.

கரண்ட் போனால் மட்டும் சிரிக்கமாட்டார். இருந்த இடத்திலேயே அசையாமல் இருப்பார். தண்ணீர்க் கோப்பை ஒரு சாண் தூரத்தில் இருக்கும், அவர் பாயைத் தடவிக்கொண்டிருப்பார். புது மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

என் வாப்பா கச்சிமுகம்மது, உனக்கு மூத்தவாப்பா, அவருக்கு இறக்காமம் பக்கத்தில் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. யுத்தம் நடந்தபோது இரவில் அந்தப் பக்கம் போக ஆளில்லை, விளைந்ததில் பாதி யானைக்குத்தான். யுத்தம் முடிந்து வழியில் இருந்த சோதனைச் சாவடிகளை எடுத்ததும் இரவுக் காவல் திரும்பத் தொடங்கியது. இந்தச் சிறுபோகத்தில் கதிர் முற்றிய நேரம் வாப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

"மருமகனும் முபாறக்கும் போங்க" என்றார்.

மருமகன் ஓம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முதல் இரவு சம்மாந்துறை தாண்டி, ரோட்டு லைட்டுகள் முடிகிற இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்.

"தம்பி, ஒரு விசயம். இருட்டில எனக்குக் கண் தெரியா. சின்ன வயசில இரிந்தே அப்பிடித்தான்."

"ராத்தாக்குத் தெரியுமா?"

"இல்ல. கலியாணம் பேசக்குள்ள சொல்லியிருந்தா உங்கிட வாப்பா பொண்ணு தருவாரா? நீ முன்னுக்குப் போ. உன்ட பின் லைட்டு மட்டும் சிவப்பாத் தெரியிது. அதப் பாத்துக்கிட்டே நான் வந்திருவன். ஒருத்தருக்கும் சொல்லிராத."

அப்படியே வந்தார். முப்பது வயது மனிதன், ஒரு சிவப்புப் பொட்டை நம்பி வாய்க்கால் ஓரமாக அத்தனை தூரம் வந்தார். ஏமாற்றிக் கல்யாணம் முடித்தவரைப் பற்றி நான் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று நீயே வளர்ந்த பிறகு யோசித்துப் பார்.

வயல் காவல் பரணில் இருந்தால் விடியும்வரை யானையைப் பார்ப்பதும் கதைப்பதும்தான். மூன்றாம் இரவு நானும் ஒன்றைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அவர் தன்னுடையதைச் சொன்னபடியால் நானும் சொல்ல வேண்டும் போலிருந்தது. சுனாமி வந்த அன்று எனக்குப் பத்து வயது. என் உம்மாவின் சாரி கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது. "மனே, இதக் கழட்டிவிடு" என்றார். நான் கழற்றவில்லை. ஓடினேன். வீட்டில் நான் சொன்னது வேறு. உம்மாவின் கையைப் பிடித்திருந்தேன், தண்ணீர் பறித்துக்கொண்டு போனது என்று சொன்னேன். ஆறு வருடமாக வாப்பா வருகிறவர்களுக்கெல்லாம் என் கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கைதான் கடைசி மட்டும் புடிச்ச கை" என்று சொல்லி அழுகிறார்.

மச்சான் என் தலையைத் தடவினார். அவருடைய கையில் அத்தர் மணத்தது.

"பத்து வயசுப் புள்ள என்னத்தச் செய்யும்? பயந்தவன் ஓடினா அது குத்தமில்ல தம்பி."

எனக்கு மன்னிப்புக் கொடுக்க அவர் யார் என்று யோசித்துக்கொண்டே விடியும்வரை இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் சோற்றுக்கு இருந்தோம். கரண்ட் போனது. மச்சான் சோற்றுக்குப் பதிலாக மீன் ஆணத்துக் கோப்பைக்குள் கையை விட்டார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரி, சிரி" என்றார் மச்சான். "மாமா, எங்கிட முபாறக்குட கதை ஒண்டு என்னட்ட இரிக்கி."

"என்ன கதை மருமகன்?" என்று வாப்பா கேட்டார்.

"அது எங்கிட ரெண்டு பேருட கதை. அவன் என்டதச் சொன்னா நான் அவன்டதச் சொல்லுவன். அப்பிடித்தானே தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். உன் உம்மாவும் சிரித்தார். பகிடிக்குத்தான் சொன்னார், தெரியும். பகிடிக்கு ஒரு தரம் சொல்கிறவன் இன்னொரு நாள் வாய் தவறி முழுதும் சொல்வான். அப்போது வாப்பா என் கையைத் தூக்கிக் காட்டமாட்டார். வேறு என்ன செய்வார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

என்னிடம் இருந்தது டைனமோ லைட். நான் நின்றால் அதுவும் நின்றுவிடும், அவர் வந்து என்மேல் மோதுவார். "சார்ஜ் பண்ணுற லைட்டு ஒண்டு எடு தம்பி. நீயே பாத்து எடு, எனக்கு இதுகள் தெரியா" என்று மச்சானே அனுப்பினார். நான் கேட்கவில்லை. இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

அப்துல் ஸமட்டின் சைக்கிள் கடையில் சார்ஜ் பண்ணுகிற லைட் மூன்று விதம் இருந்தது.

"இத எடு தம்பி. கலியாண வீடு மாதிரி மினுங்கும்" என்றார் அவர்.

"எவ்வளவு நேரம் எரியும் காக்கா?"

"அணைஞ்சி நூருமட்டும் எரியும். லைட்டு வாங்க வந்தாயா, லைட்டுக்குச் சோதினை வைக்க வந்தாயா?"

சோதனை வைக்கத்தான் வந்தேன். வாப்பாவின் பெயரைச் சொல்லி மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கக் கேட்டேன். தந்தார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஒவ்வொன்றாக எரித்தேன்.

முதலாவது ஒரு மணித்தியாலத்திலேயே மங்கத் தொடங்கி, கடைசியில் பீடி நுனி மாதிரி ஆகி அணைந்தது. அது சரிவராது. மங்கினால் பின்னால் வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது, சார்ஜ் குறைந்ததும் படபடவென்று அடித்துச் சொல்லிக் காட்டியது. அதுவும் சரிவராது. மூன்றாவது மங்கவே இல்லை. மூன்று மணித்தியாலம் பதினொரு நிமிடம் முதல் நிமிடத்தில் எரிந்த மாதிரியே எரிந்து, வயரை அறுத்த மாதிரி ஒரேயடியாக அணைந்தது. திரும்பவும் சார்ஜ் பண்ணி எரித்தேன். அதே பதினொரு நிமிடம்.

மூன்றாவதை எடுத்தேன். நீ எந்தக் கடையிலும் போய்க் கேட்டுப் பார், மூன்றிலும் அதுதான் நல்லது. மச்சானுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

"இதெல்லோ லைட்டு" என்று பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "முபாறக் மூணு நாளாப் பாத்துப் பாத்து எடுத்தவன்."

வயலுக்குச் சற்று முன்னால் ரோட்டு மதகின் மேலேயே இடப்பக்கம் வளைகிறது. மதகின் வலப்பக்கச் சுவரை யுத்த காலத்தில் ஏதோ வாகனம் இடித்துவிட்டது, யாரும் கட்டவில்லை. வளையாமல் நேரே போனால் கீழே கல்லும் தண்ணீரும்தான். எங்கள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு மணித்தியாலம் எட்டு நிமிடம். நாலு இரவு பார்த்தேன், கூடினால் ஒரு நிமிடம், குறைந்தால் ஒரு நிமிடம்.

பிறை இல்லாத இரவு வரும்வரை காத்திருந்தேன். அன்று காலையில் முழுச் சார்ஜ் ஏற்றினேன். மத்தியானம் கட்டிலுக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் மூன்று நிமிடம் எரித்து அணைத்துவிட்டு, மிச்சத்தைச் சைக்கிளில் பூட்டினேன். பிறகு நன்றாகத் தூங்கினேன். எழும்பி வந்தபோது உன் வாப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, உன் உள்ளங்காலில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நீ சிரித்தாய். அதே சிரிப்பு.

மறுநாள் பொலிஸ் வந்து யானை துரத்தியதா என்று கேட்டார்கள். ஓம் என்றிருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள். நான் சொன்னது, பின் லைட்டில் சார்ஜ் முடிந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை என்று. மச்சானுக்கு இருட்டில் கண் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. லைட்டை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் எரிந்திருக்கும்.

ஏனென்றால் அது அணையவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். ஒரு மணித்தியாலம் எட்டு நிமிடம் ஆனது, ஒன்பது ஆனது, மதகு வந்துவிட்டது, திரும்பிப் பார்த்தால் மச்சானின் வெள்ளைச் சட்டையில் இன்னும் சிவப்பு விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாள் சோதித்து எடுத்த லைட், ஒரு நல்ல வேலையை நம்பி ஒப்படைக்க முடியாத லைட். கையைப் பின்னால் விட்டு அமுக்கி அணைத்தேன். இடப்பக்கம் வளைத்துக்கொண்டு போனேன்.

"முபாறக்?" என்றார். "லைட்டு நூந்துட்டு தம்பி. விழுந்துட்டியா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"பயப்படாத, நான் வாறன். எனக்குத் தெரியிது."

கடைசியாகச் சொன்னதும் பொய். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மிதித்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

விழுந்த உடனே மௌத்தாகவில்லை. தண்ணீர் முழங்காலளவுதான். சைக்கிள் மேலே கிடந்ததால் எழும்ப முடியவில்லை. "தம்பி, கால் மாட்டிட்டு. இதக் கழட்டிவிடு" என்றார். இரண்டு தரம் சொன்னார். நான் வயல் பக்கமாக மிதித்துக்கொண்டு போனேன். ஆட்களைக் கூட்டிவர அரை மணித்தியாலம் ஆனது. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவன் ஓடினால் அது குற்றமில்லை. நான் சொல்லவில்லை, உன் வாப்பாவே சொன்னது.

கடைசி மட்டும் மச்சானை இழுத்துப் பார்த்தேன் என்று வீட்டில் சொன்னேன். இப்போது வாப்பா என் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி அழுகிறார்.

இஞ்சே பார். லைட்டை இப்படி அசைத்தால் உன் கண்ணும் கூடவே வருகிறது. இந்தப் பக்கம். இப்போது இந்தப் பக்கம். நல்ல பிள்ளை. உனக்கும் இருட்டில் கண் தெரியாமல் இருக்கலாம், ஒருவருக்கும் சொல்லமாட்டேன். நீ வளர்ந்ததும் உனக்கு ஒரு சைக்கிள் எடுப்போம். லைட்டை நானே பார்த்து எடுப்பேன். பிறகு நான் முன்னுக்குப் போவேன், நீ அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தால் போதும்.