கூட்டுப் பலகையில் சாலோமி டீச்சரின் இடம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பாலிடெக்னிக் முதல்வர் அவர்களே! சபையின் போதகர் அவர்களே! முன்வரிசையில் துயரத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாக்கியசீலன் சார் அவர்களே! களக்காட்டிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் நம் கூட்டுப் பலகை நண்பர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

நான் அகமது மீரான். மேலப்பாளையத்தில் இன்வெர்ட்டரும் மோட்டாரும் பழுது பார்க்கிறவன். மேடை எனக்குப் பழக்கமில்லை. ‘மீரான் அண்ணாச்சி நாலு வார்த்தை பேசட்டும்’ என்று ஏற்றிவிட்டார்கள். நாலு வார்த்தையில் முடிகிற மனுஷியா நம் சாலோமி டீச்சர்?

பாலிடெக்னிக்கின் மின்னணு ஆய்வகப் பயிற்றுநர், நெல்லைக் கூட்டுப் பலகையின் அமைப்பாளர், என் அன்புச் சகோதரி சாலோமி பாக்கியசீலன் அவர்கள் போன மாதம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் என் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரவில்லை, செய்திதான் வந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

கூட்டுப் பலகை என்றால் என்னவென்று தெரியாத சொந்தக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். எந்த மின்னணுப் பொருளைத் திறந்தாலும் உள்ளே பச்சையாக ஒரு பலகை, அதில் செம்புக் கோடுகள் இருக்குமே, அதுதான் சர்க்யூட் பலகை. எங்களைப் போல ஆசைக்குச் செய்கிறவன் அதை எங்கே போய் வாங்குவான்? தான் வரைந்த சர்க்யூட் படத்துக்குத் தனியாக ஒன்று செய்யச் சொன்னால், பெரிய தகட்டுக்கு ஆகிற கூலியைத் தொழிற்சாலை அந்தத் துண்டுக்கும் கேட்கும். அதனால் வீட்டிலேயே செம்புத் தகட்டை, செம்பைக் கரைக்கிற மருந்துத் தண்ணீரில் ஊறப் போடுவோம். கோடு பாதி கரைந்துபோகும். என் வாளியும் வேட்டியும் துருப்பிடித்த நிறமாகி, என் மனைவி ரைஹானத் என்னைக் கொல்லைப்பக்கத்துக்குத் துரத்தியதுதான் கண்ட பலன்!

அந்தக் கோலத்தில்தான் டீச்சர் என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, கல்யாண வீட்டுல ஆளுக்கொரு அடுப்பா மூட்டுதோம்? ஒரே அடுப்புலதானே ஊருக்கே ஆக்குதோம். எல்லார் படத்தையும் ஒரே தகட்டுல ஒட்ட வச்சு அனுப்புவோம். வந்தபொறவு வெட்டிப் பிரிச்சுக்கிடலாம்லா?”

இவ்வளவுதான் யோசனை! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றவில்லை? அவருக்குத்தான் தோன்றியது. அன்று ஆரம்பித்ததுதான் நம் கூட்டுப் பலகை.

முதல் தகடு வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறாரே சுடலைக்கண்ணு, களக்காட்டில் வாழை போடுகிறவர், அவர் தன் தோட்டத்து மோட்டாருக்காக ஒரு பலகை வரைந்திருந்தார். மோட்டாரைப் போட்டு அணைக்கிற ரிலேயை எடுத்து வைக்கிறார், அதன் கம்பிக்கால் துளையில் நுழையவில்லை. துளை அத்தனையும் இடவலமாக மாறிக் கிடக்கிறது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நாங்களெல்லாம் வரிசையாகத் துளை போட்ட ஓட்டை அட்டையைக் கவிழ்த்து வைத்துப் பற்றவைத்தே வளர்ந்தவர்கள். மேலே பொருள் இருக்கும், கண்ணும் கையும் அடியில் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டரிலும் அடியிலிருந்து பார்க்கிற மாதிரியே வரைந்துவிட்டார். கடையில் கற்றவன் அத்தனை பேருக்கும் இந்த வியாதி உண்டு.

மனுஷன் அழாத குறை. “எக்கா, என்னால எல்லாம் வீணாப் போச்சே” என்றார். டீச்சர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. “எதுவும் வீணாகல. இந்த ரிலேய அடிப்பக்கமா மாட்டும், ஓடும். ஆனா இனிமே நம்ம பலகைய நாமளே பாத்து அனுப்பப்பிடாது. இன்னொரு ஆளு பாக்கணும்” என்றார்.

அன்று பிறந்ததுதான் நம் காகிதச் சோதனை. படத்தை அசல் அளவில் அச்சிட்டு, தெர்மோகோல் மேல் விரித்து, நிஜப் பொருளின் கால்களை அதில் குத்திப் பார்க்க வேண்டும். குத்துவது வரைந்தவர் கை இல்லை, வேறொருவர் கை. ஞாயிறுதோறும் டீச்சர் ஆராதனை முடிந்து வருவார், நான் மதியத் தொழுகை லுஹர் தொழுதுவிட்டு வருவேன், கடை மாடியில் குத்த ஆரம்பிப்போம். தேறிய பலகையின் மூலையில் வரைந்தவர் பெயரும் சோதித்தவர் பெயரும் வெள்ளை எழுத்தில் இருக்கும். உங்கள் வீட்டுப் பலகைகளை எடுத்துப் பாருங்கள். சோதித்தவர் சாலோமி, சோதித்தவர் சாலோமி, சோதித்தவர் சாலோமி!

இன்று வாசலில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: வெளிநாட்டுக்கு இணையத்தில் அனுப்பினால் சல்லிசாகச் செய்து தருகிறானே, இனி இந்தக் கூட்டு எதற்கு என்று. நல்ல கேள்வி. தப்பான பலகையை எவ்வளவு சல்லிசாக வாங்கினால் என்ன தம்பி? தொழிற்சாலை நீங்கள் வரைந்ததைச் செய்து தரும். ‘ஏலே, கோளாறா வரைஞ்சிருக்கியே’ என்று கையைப் பிடிக்குமா? டீச்சர் பிடிப்பார். எங்கள் பலகை மலிவாக இருந்ததற்கு அந்தக் கைதான் காரணம்.

வரைந்தவர் சாலோமி என்று ஒரு பலகை உண்டா? இல்லை! அவர் வரையாமல் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் அவர் தெருவில் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ஏறினால் தெருவுக்கே கேட்கும்படி சங்கு ஊதுகிற ஒரு பலகையை வரைந்து வைத்திருந்தார். ஒவ்வொரு தகட்டிலும் அதற்கு ஒரு மூலை ஒதுக்குவார். கடைசி நேரத்தில் யாராவது ஒரு படத்தோடு மூச்சிரைக்க வந்து நிற்பார்கள். “நம்மது அடுத்ததுல போய்க்கிடட்டும் அண்ணாச்சி” என்று தன்னுடையதை எடுத்துவிடுவார். அந்த அடுத்தது வரவே இல்லை.

போன ஞாயிறு அந்தப் படத்தை எடுத்தோம். சுடலைக்கண்ணுதான் தானே குத்துகிறேன் என்றார். சென்சார் ஒயர் மாட்டுகிற கனெக்டரை வைத்து அழுத்தினார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கால் ஏறல அண்ணாச்சி” என்றார். காகிதத்தைத் திருப்பிப் போட்டு அழுத்தினார். பொசுக்கென்று ஏறிவிட்டது. “எக்காவும் அடியில இருந்துல்லா பாத்திருக்கா” என்று சொல்லிவிட்டு விசும்ப ஆரம்பித்தார். நானும் அழுதேன். எனக்கு என்ன வெட்கம்!

எல்லார் பலகையையும் சோதித்த அம்மாவின் பலகையை ஒருத்தரும் சோதிக்கவில்லையே! சோதனைவரைக்கும் வர நாம் விடவில்லையே!

பிறகு பேச்சு எழுந்தது. ஞாயிறுதோறும் நம்மோடு குத்த வருகிற இஷ்ரத் சொன்னார்: “டீச்சர் கையால வரைஞ்சது அண்ணாச்சி. தொடாண்டாம், அப்படியே இருக்கட்டும். கனெக்டர அடியில மாட்டிக்கிடலாம்.” அந்தப் பிரியம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடியில் மாட்டினால் ஒயர் கீழே தள்ளிக்கொண்டு நிற்கும், பெட்டி மூடாது, முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும். தெரு தூங்கிக்கொண்டிருக்கும், சங்கு ஊதாது. அது டீச்சருக்கு நாம் செய்கிற மரியாதையா? சொல்லுங்கள்!

நாங்கள் டீச்சரின் கணவர் பாக்கியசீலன் சாரைக் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. “திருத்துங்க அண்ணாச்சி. தப்புன்னு தெரிஞ்சும் அனுப்புனா அவ என்னையும் விடமாட்டா, உங்களையும் விடமாட்டா” என்றார். அங்கேயே திருத்தினோம். சுடலைக்கண்ணு மறுபடி குத்திப் பார்த்தார். எல்லாக் கால்களும் ஏறின.

நண்பர்களே! டீச்சர் போனதோடு கூட்டுப் பலகை முடிந்தது என்று யாராவது நினைத்திருந்தால், அந்த நினைப்பை இந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஞாயிறுதோறும் என் கடை மாடி திறந்திருக்கும், தெர்மோகோல் விரித்திருக்கும். வரும் திங்கட்கிழமை அடுத்த தகடு போகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தச் சங்கு வாய்க்கால் பாலத்தில் ஏறியிருக்கும். இது டீச்சரின் பெயரால் நாங்கள் கொடுக்கிற வாக்கு. பலகையின் மூலையில் இருக்கப்போகிற வெள்ளை எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். வரைந்தவர் சாலோமி. சோதித்தவர் சுடலைக்கண்ணு.

இன்னும் ஒன்று. தகடு இப்போதே நிறைந்துவிட்டது. ஆனாலும் உங்களில் யாராவது வழக்கம்போலக் கடைசி நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வருவீர்கள், எனக்குத் தெரியும். வாருங்கள். என் படத்தை எடுத்துவிட்டு உங்கள் படத்தை வைக்கிறேன். டீச்சர் படத்தை மட்டும் எடுக்க மாட்டேன்.