இருபத்திரண்டு நாள் நிற்காத மின்சாரம்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் பெரியவர் சுப்பராயலு அவர்களே, ஒலக்கூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெருமக்களே, மீன் விற்ற களைப்போடு கூடையை ஓரம் வைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மரக்காணம் கரையோரத் தாய்மார்களே, துணை மின்நிலையப் பொறியாளன் இளவழகன் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

வழக்கமாக எங்களைத் திட்டத்தான் கூப்பிடுவீர்கள். சிரிக்கிறீர்கள், உண்மைதானே? இன்று பேசச் சொல்லிவிட்டீர்கள். பேசுகிறேன்.

சென்ற மே மாதம் எங்கள் நிலையத்தின் இரண்டு மின்மாற்றிகளில் ஒன்று எரிந்துபோனது. புதியது வந்து சேர இருபத்திரண்டு நாள். அதுவரை மிஞ்சிய ஒன்றே எல்லா ஊர்களுக்கும். அனலாய்க் கொதித்த அந்த நாட்களில், மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு ஏசி, விசிறி, ஐஸ் பெட்டி. அந்த ஒற்றை மின்மாற்றி எப்படித் தாங்கும்? எதைக் குறைப்பேன்? எந்த ஊரை இருட்டாக்குவேன்?

அப்போது கடலோரக் குடிநீர் நிலையத்தின் பொறுப்பாளர் துர்கா தாமே என்னைத் தேடி வந்தார். கடல்நீரைக் குடிநீராக்க அங்கே ஏழு பெரிய மோட்டார்கள் ஓடுகின்றன. "சார், விடியறதுக்குள்ள ஓட்டித் தொட்டிய ரொப்பிக்கினு, மத்தியானம் ஆறு மோட்டார நிறுத்திடறோம். குழாய்க்குத் தண்ணி விட ஒண்ணு மட்டும் ஓடட்டும்" என்றார். கேட்டது நானா? இல்லை. கொடுத்தது அவர்.

திண்டிவனத்தில் தேவநாதன் என்று ஒருவர். நுரையீரல் நோயாளி, வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. அவர் மனைவி கவிதா தினமும் போன் செய்வார். "சார், இன்னிக்கி கரண்டு போவுமா சார்?" அந்த ஒரே கேள்வி.

ஒன்பதாம் நாள் பிற்பகல் மூன்று மணி. மின்சுமை காட்டும் மானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. துர்காவை அழைத்தேன். தேவநாதனின் நிலையையும் கவிதா தினமும் கேட்பதையும் சொன்னேன்.

"கடைசி மோட்டாரையும் நிறுத்திடறேன் சார்" என்றார்.

குழாய் நின்றது. சந்தையிலிருந்து திரும்பி, குழாயடியில் மீன் கூடை கழுவிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் நேரே குடிநீர் நிலையத்துக்கே போய்விட்டார். பின்னால் பத்துப் பெண்கள். பின்னர் துர்கா சொன்னது இது.

"இன்னாத்துக்கும்மா நிறுத்தின?"

"திண்டிவனத்துல ஒருத்தருக்கு மிசின்ல மூச்சு ஓடுதுக்கா. கரண்டு போச்சின்னா அவரு போயிடுவாரு."

"யாரு அவரு? ஒனக்குச் சொந்தமா?"

"பாத்ததுகூட இல்லக்கா."

வெள்ளையம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாராம். பிறகு திரும்பி, "வாங்கடி, கடல்ல கழுவிக்கலாம். அந்த ஆளு மூச்சு வுடட்டும்" என்றாராம். அன்று மட்டுமா? மின்மாற்றி வந்து இறங்கும்வரை, பதின்மூன்று பிற்பகல்கள், சுடுமணலில் நடந்து கடலில் கழுவினார்கள். உப்பு பட்டுக் கை வெடித்தது. ஒருவரும் என்னிடம் ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை.

அந்த இருபத்திரண்டு நாளும் எந்த ஊரிலும் விளக்கு அணையவில்லை. அணையாததால் எவருக்கும் தெரியவும் இல்லை. மின்சாரம் போனால் ஆயிரம் பேர் கேட்பார்கள். போகாததற்கு நன்றி சொல்ல யார் வருவார்? நான் வந்தேன், தாய்மார்களே. சம்பளம் வாங்குகிற நான் செய்தது என் வேலை. நீங்கள் செய்தது அன்பு.

வெள்ளையம்மாள் அம்மா, சற்றுத் திரும்பிப் பாருங்கள். மூன்றாம் வரிசையில், தோளில் ஆக்சிஜன் பையும் மூக்கில் அதன் குழாயுமாக, கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாரே, அவர்தான் தேவநாதன்.

அவரால் உரக்கப் பேச முடியாது. ஆகவே அவர் குரலையும் சேர்த்து நானே சொல்கிறேன்: துர்காவுக்கும், அவரோடு உழைத்தவர்களுக்கும், கடலில் கூடை கழுவிய ஒவ்வொரு கைக்கும் எங்கள் நன்றி. வணக்கம்.