பாதம் தெரிய ஒரு படம்

மேகமூட்டமான நாளில்தான் மனித முகம் படத்தில் ஒழுங்காக விழும். வெயிலில் எடுத்தால் கண் இடுங்கும். மூக்கின் நிழல் மீசை மாதிரி உதட்டில் வந்து உட்காரும். நாற்பது வருடமாக இதை எங்கள் சங்கத்தில் சொல்லிவருகிறேன். ஒருவர் காதிலும் ஏறியதில்லை.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அச்சகத்தின் மாடியில் ஞாயிறு காலையில் கூடும் பத்துப் பன்னிரண்டு பேர். இன்னமும் ஃபிலிமில்தான் எடுப்போம், அதுவும் சுருளுக்குப் பன்னிரண்டே சதுரப் படம் விழும் அகல ஃபிலிமில்தான் எடுப்போம் என்று அடம்பிடிப்பவர்கள். பல் மருத்துவரிடம் நான்கு கேமராக்கள். நான்கிலும் தன் பூனையை எடுப்பார். காப்பீட்டு முகவர் லென்ஸ் துடைப்பதில் கெட்டிக்காரர். அதன் வழியே எதையும் பார்த்ததாகத் தகவல் இல்லை. இவர்களுக்கு நான் தலைவர். கட்டடம் எங்கள் குடும்பச் சொத்து என்பதால்தான் தலைவர் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும்.

என் மாப்பிள்ளையைச் சேர்த்துவிட்டதும் நான்தான். அவருக்கு வெளிச்சம் அளக்கத் தெரியாது; எல்லாம் குத்துமதிப்பு. நானோ ஒவ்வொரு படத்துக்கும் நாள், வெளிச்சம், வேகம் எல்லாம் எழுதிவைப்பவன். அந்த நோட்டுதான் உங்கள் மேசையில் இருக்கிறது. என் படங்களில் ஒரு கோடுகூடச் சாய்ந்திருக்காது. இருந்தும், ஒரே வருடத்தில் அந்தக் கூட்டம் அவர் படங்களின் முன்னால் வாய் பிளந்து நிற்க ஆரம்பித்தது. பூனை எடுப்பவர்களின் ரசனை அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான்கு தலைமுறைக் குடும்பத் தலைவர்களின் படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எல்லாம் முழு உருவம், தலை முதல் பாதம் வரை. முட்டியோடு வெட்டிய படம் எங்கள் கூடத்தில் ஏறாது. ஐந்தாவது ஆணி எனக்காகக் காத்திருந்தது.

வருடாந்தரக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தபோது மாப்பிள்ளை ஒரு படத்தைக் கொண்டுவந்து சங்கத்து மேசையில் வைத்தார். என் மனைவி. சமையலறையின் பின்வாசல் படியில், தலைக்குக் குளித்துவிட்டு, அள்ளி முடியாத கூந்தலோடு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பென்சிலில் தலைப்பு: ‘அவர் வெளியே போயிருக்கிறார்.’

“எதுக்கு இப்படிச் சிரிக்கிறா?” என்று கேட்டேன்.

பல் மருத்துவர் எழுந்து போய்த் திரைச்சீலையைச் சரிசெய்தார்.

“நீங்க சாப்பாட்டு மேசைக்கு நடந்து வருவீங்கள்ல மாமா, அந்த மாதிரி நடந்து காட்டினேன். அத்தையால அடக்க முடியல.”

அறையில் ஒருவரும் எப்படி நடந்தீர்கள் என்று கேட்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

“நெகட்டிவைக் கொடுங்க மாப்பிள்ளை.”

“அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மாமா. அவங்கதான் மாட்டச் சொன்னாங்க.”

வீட்டில் கேட்டேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

“முப்பத்தெட்டு வருஷமா நீங்களும் என்னை எடுக்கிறீங்க. ஒண்ணுலயாவது உயிரோட இருக்கேனா? அளவெடுக்க நிக்கவச்ச மாதிரி நிக்கிறேன். இது தொங்கட்டும்.”

“இந்த வீட்டு மானம் என்ன ஆகிறது?”

“சிரிச்சாலே போயிடுற மானம்னா, அது போகட்டுமே.”

இவளோடு வாதம் செய்து பயனில்லை. பிழை அவளுடையதும் அல்ல. ஒரு வீட்டின் பெண்ணைத் தலைவிரி கோலமாக ஊர் பார்க்கச் சுவரில் மாட்டத் துணிந்தவர், அடுத்து எதை மாட்டுவார் என்று யோசித்தேன். அவர் இருக்கும்வரை நெகட்டிவும் இருக்கும், நடையும் இருக்கும்.

அச்சகத்து மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவதற்காகப் பின்பக்கக் கைப்பிடிச் சுவரை இடித்திருந்தோம். கொத்தனார் அங்கே சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். அதை அவிழ்க்கச் சொன்னேன்.

“எதுக்குங்கய்யா?”

“படம் எடுக்கப் போறோம். கயிறு படத்துல விழும்.”

கேமராவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கயிறு எப்படிப் படத்தில் விழும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று நாம் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

மேகத்துக்காக நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் வானம் சாம்பலாக மூடியது. அச்சகத்துக்கு அன்று விடுமுறை. கூடத்தில் மாட்ட என்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு நிஜமாகவே சந்தோஷம். மாமாவுக்குக் கோபம் போய்விட்டது என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.

நீண்ட லென்ஸைப் போடச் சொன்னேன். அந்த லென்ஸில் என் உயரத்து ஆள் பாதத்தோடும் கொஞ்சம் தரையோடும் விழ இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். நான் நின்ற படிக்கட்டுக் கதவிலிருந்து மாடி விளிம்புவரை பதினெட்டு அடி. டேப் வைத்து இரண்டு முறை அளந்திருந்தேன்.

அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே திறக்கும் மூடிக்குள் குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். குனிந்தவருக்கு உலகம் அந்தக் கண்ணாடிதான்.

“பாதம் வந்துதா மாப்பிள்ளை?”

“முட்டி வரைக்கும் வந்துட்டீங்க மாமா.”

“பின்னால போங்க.”

பின்னால் போனார். பதினோராவது படத்தைத் தட்டினார்.

“இப்பப் பாதம் வந்தாச்சு. விறைப்பா நிக்காதீங்க மாமா, கொஞ்சம் சிரிங்களேன்.”

“தரையும் ரெண்டு விரக்கடை வரட்டும். அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்கக் கூடாது.”

“அதுவும் சரிதான்,” என்றார். ஃபிலிமைச் சுற்றிவிட்டு, குனிந்து, ஓரடி பின்னால் வைத்தார்.

நான் அவரைத் தொடவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். கேமரா கழிவுக் காகிதக் கட்டின் மேல் விழுந்திருந்தது. மாப்பிள்ளை அதற்கு இரண்டடி தள்ளி, சிமென்டுத் தரையில். நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். மகள் அழுதாள்; பழகிக்கொள்வாள். அவர் வைத்திருந்த கோப்பிலிருந்து அந்த நெகட்டிவை எடுத்துக் கத்தரியால் நறுக்கினேன்.

கேமராவில் இருந்த சுருளையும் நறுக்கியிருக்கலாம். ஆனால் ஃபிலிமைக் கழுவாமல் எறிகிற பழக்கம் எனக்கில்லை. நானே கழுவினேன். பன்னிரண்டாவது படம், அவர் சாயும்போது விரல் அழுத்தியதில் விழுந்தது. கதவு கோணலாக நின்றாலும் நான் நடுவில், கூர்மையாக, பாதமும் தரையும் தெரிய நிற்கிறேன். நாற்பது வருடத்தில் என்னை யாரும் அவ்வளவு நன்றாக எடுத்ததில்லை. கோணலை நேர்செய்து பெரிதாக அச்சிட்டேன். நோட்டில் முறைப்படி குறித்தேன்: ‘பன்னிரண்டு. கனத்த மேகம். நிழல் இல்லை.’ ஐந்தாவது ஆணியில் மாட்டினேன்.

மனைவி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“அன்னைக்கு எடுத்ததா?”

“ஆமா.”

“நீங்க சிரிக்கிறீங்க,” என்றாள். “உங்களுக்குச் சிரிக்க வரும்னு எனக்குத் தெரியாது.”

படத்தை ஆணியிலிருந்து கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மார்க்கெட்டுக்கு என்று நினைத்தேன். உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கயிற்றை அவிழ்க்கவைத்தவன் நான். லென்ஸைச் சொன்னவன் நான். பின்னால் போகச் சொன்னவனும் நானே. குடும்பத்துக்காகச் செய்தேன், அதில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. ஒன்றை மட்டும் திருத்திவிடுங்கள். அந்தப் படத்தில் இருப்பது சிரிப்பு அல்ல. அன்று வெயில் நேராக என் முகத்தில் அடித்தது. கண் கூசியது, அவ்வளவுதான்.